சூரியக் கடிகாரத்தின் மணிக்கோடுகள் ஏன் சமமாக இல்லை? கணக்கும் வடிவமைப்பும்

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது என்றால், சூரியக் கடிகாரத்தின் மணிக்கோடுகளும் 15 பாகை இடைவெளியில்தானே இருக்க வேண்டும், ஆனால் தரையில் கிடத்தி வைக்கும் கடிகாரங்களில் கோடுகள் நண்பகலுக்கு அருகே நெருங்கியும் காலை மாலைகளில் விலகியும் இருப்பது ஏன் என்பது கேள்வியின் முதல் பகுதி. ஓரிடத்துக்கு வரைந்ததை வேறோரிடத்தில் வைக்கலாமா என்பது இரண்டாவது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பிறகும் அது கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாதது ஏன் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்து தொடங்குவதால் அந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சூரியக் கடிகாரத்தின் கணக்கு முழுவதும் நிழலை வீழ்த்தும் விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் அடங்கியிருக்கிறது. அதன் பிறகு வருபவை எல்லாம் ஒரே நிழலை வெவ்வேறு தளங்களில் விழச்செய்து, அது எங்கே விழுகிறது என்று அளக்கும் வேலைதான்.

அந்த நிபந்தனை ஏன் தேவை என்பதை, அது இல்லாதபோது என்ன நேர்கிறது என்று பார்த்தால் எளிதில் புரியும். சமதரையில் செங்குத்தாக ஒரு கோலை நட்டு, அதன் நிழல் விழும் திசையைக் கொண்டு மணி சொல்ல முயல்வோம். வட அட்சம் 30 பாகையில் உள்ள ஓரிடத்தை எடுத்துக்கொண்டால், நண்பகலுக்கு மூன்று மணி நேரம் கழித்துச் சூரியன் நிற்கும் திசை, டிசம்பர் கதிர்த்திருப்ப நாளில் (சூரியன் தெற்கே மிகத் தொலைவு சென்று திரும்பும் நாள்) தெற்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 44 பாகை, சம பகலிரவு நாளில் 63 பாகை, ஜூன் கதிர்த்திருப்ப நாளில் 92 பாகை. அதாவது அதே மூன்று மணிக்கான நிழல், ஆண்டுக்குள் 48 பாகை இடம் மாறுகிறது. செங்குத்துக் கோலுக்கு ஒரே தொகுதி மணிக்கோடுகளை வரைந்து ஆண்டு முழுவதும் பயன்படுத்த இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அச்சுக்கு இணையான விளிம்பில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. சூரியன் ஒரு நாளில் வானத்தில் ஓடுவதாகத் தோன்றும் வட்டம், பூமியின் அச்சைச் சுற்றியே அமைகிறது. கோடையில் அந்த வட்டம் வான நடுவரைக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் அமையும் கற்பனை வட்டம்) வடக்கேயும் குளிர்காலத்தில் தெற்கேயும் நகர்ந்தாலும், அச்சு அதன் நடுவிலேயே நிற்கிறது. எனவே விளிம்பையும் சூரியனையும் இணைக்கும் தளம், கீலைப் பற்றிச் சுழலும் கதவைப் போல, அந்த விளிம்பைப் பற்றி மணிக்கு 15 பாகை வீதம் சீராகத் திரும்புகிறது. சூரியன் அந்தத் தளத்துக்குள் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது நிழலின் நீளத்தைத்தான் மாற்றும். நிழல் படியும் கோட்டை மாற்றாது. நண்பகல் முதல் அந்தத் தளம் திரும்பியிருக்கும் அளவையே மணிக்கோணம் என்கிறோம். பிற்பகல் ஒரு மணிக்கு அது 15 பாகை, இரண்டு மணிக்கு 30 பாகை, ஆறு மணிக்கு 90 பாகை.

விளிம்பை அச்சுக்கு இணையாக நிறுத்துவதற்கு இரண்டே செயல்கள் போதும். அது உண்மையான வட தென் தளத்தில் இருக்க வேண்டும். கிடைமட்டத்தோடு அதன் சாய்வு அந்த இடத்தின் அட்சத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். வட அரைக்கோளத்தில் அது வடக்கு நோக்கி உயரும். தென் அரைக்கோளத்தில் தெற்கு நோக்கி உயரும், எண்களும் இடஞ்சுழியாக வரிசைப்படும். இனிச் சொல்வதெல்லாம் வட அரைக்கோளத்துக்கானவை.

கேள்வியில் எதிர்பார்த்த சமமான 15 பாகை உண்மையாகவே கிடைக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. விளிம்புக்குச் செங்குத்தாக, அதாவது வான நடுவரைக்கு இணையாக ஒரு வட்டத் தகட்டைப் பொருத்தினால், அந்தத் தகட்டில் நிழல் மணிக்குச் சரியாக 15 பாகை நகரும். இதை நடுவரைக் கடிகாரம் என்று அழைக்கலாம். வசந்தகாலச் சம பகலிரவு நாளிலிருந்து இலையுதிர்காலச் சம பகலிரவு நாள் வரை சூரியன் அதன் வட முகத்தில் படும். மற்ற அரையாண்டில் தென் முகத்தில் படும். ஆகவே இரு முகங்களிலும் கோடுகள் வேண்டும். சம பகலிரவு நாட்களில் சூரியன் தகட்டின் தளத்திலேயே ஓடுவதால் இரு முகங்களிலும் நிழல் விழாது; தட்டையான தகட்டுக்குப் பதிலாக அரைவட்ட வளையத்தின் உட்புறத்தில் கோடுகளைப் பொறித்தால் இந்தக் குறையும் நீங்கிவிடும். முதன்முறையாகச் செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வளைய வடிவத்தைத்தான், ஏனெனில் கோணமானியைத் தவிர வேறு கணக்கு எதுவும் அதற்குத் தேவைப்படாது.

இந்த வடிவத்தின் மாபெரும் எடுத்துக்காட்டு ஜெய்ப்பூரில் இருக்கிறது. மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமைத்த வானாய்வகத்தின் சாம்ராட் யந்திரம், ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள சாய்சுவரும் அதன் இருபுறமும் வளைந்தெழும் அளவுச்சுவர்களும் கொண்ட நடுவரைக் கடிகாரம்தான். சாய்சுவரின் சரிவு ஜெய்ப்பூரின் அட்சமான 27 பாகை. அளவுச்சுவரின் ஆரம் ஏறத்தாழ 15 மீட்டர் என்பதால் நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக நகர்கிறது. கண்முன்னே அது ஊர்ந்து செல்வதைக் காணலாம்.

இப்போது கிடைத்தளக் கடிகாரத்துக்கு வருவோம். சூத்திரத்தை அப்படியே மனப்பாடம் செய்வதைவிட, அது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. சமதரையில் ஒரு புள்ளியிலிருந்து விளிம்பு வடக்கு நோக்கி அட்சக் கோணத்தில் எழுகிறது; அந்தப் புள்ளியை அடி என்போம். விளிம்பின் மேல் ஓரிடத்தில், அதற்குச் செங்குத்தாக நடுவரைத் தகட்டைக் கற்பனையாகப் பொருத்தி, அந்தத் தகட்டைக் கீழ்நோக்கித் தரையைத் தொடும்வரை நீட்டுங்கள். அது தரையை ஒரு கிழக்கு மேற்குக் கோட்டில் வெட்டும். அடி, விளிம்பின் மீது தகடு நிற்கும் புள்ளி, வட தென் கோட்டில் தகடு தரையைத் தொடும் புள்ளி ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தை அமைக்கின்றன. அதன் செங்கோணம் தகடு நிற்கும் இடத்திலும், அட்சக் கோணம் அடியிலும் இருக்கின்றன. அடியிலிருந்து தகடு தரையைத் தொடும் புள்ளி வரை உள்ள தூரத்தை ஒன்று என்று கொண்டால், தகட்டின் மையத்திலிருந்து அந்தப் புள்ளி வரை உள்ள தூரம் அட்சத்தின் சைன் ஆகிறது.

நடுவரைத் தகட்டில் நிழல் மணிக்கோணத்தில் விழுகிறது என்பது தெரியும். அந்த நிழற்கோட்டைக் கிழக்கு மேற்குக் கோடு வரை நீட்டினால், அது வட தென் கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகியிருக்கும் தூரம், அட்சத்தின் சைனை மணிக்கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கி வருவது. தரையில் விழும் நிழலும் அதே புள்ளி வழியாகத்தான் செல்ல வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒரே நிழல் தளத்தின் பகுதிகள். அடியிலிருந்து அந்தப் புள்ளியைப் பார்த்தால் கிடைக்கும் கோணமே மணிக்கோட்டின் கோணம். எனவே, மணிக்கோட்டின் கோணத்தை க என்றும் அட்சத்தை அ என்றும் மணிக்கோணத்தை ம என்றும் குறித்தால்:

டேன் க = சைன் அ × டேன் ம

கோடுகள் சமமாக இல்லாததன் காரணம் இவ்வளவுதான்: சமமாகத் திரும்பும் ஒரு தளத்தைச் சாய்வாக வெட்டுகிறோம். 30 பாகை அட்சத்துக்குச் சைன் 0.5 என்பதால் கணக்கு எளிது. நண்பகல் கோட்டிலிருந்து ஒரு மணிக்கோடு 7.6 பாகை, இரண்டு 16.1, மூன்று 26.6, நான்கு 40.9, ஐந்து 61.8, ஆறு 90 பாகை. முற்பகல் கோடுகள் இவற்றின் கண்ணாடிப் பிம்பங்கள். கோடையில் காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வெயில் இருக்கும். அந்தக் கோடுகளுக்குப் புதுக்கணக்கு வேண்டியதில்லை, காலை ஏழு மணிக்கோட்டை அடி வழியாக மறுபுறம் நீட்டினால் அதுவே மாலை ஏழு மணிக்கோடு.

அட்சம் 90 பாகையாகும் துருவத்தில் சைன் ஒன்று ஆகிவிடுவதால் கோடுகள் சமமாகிவிடும். அங்கே தரையே நடுவரைக்கு இணையான தளம். மறுமுனையில், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கோடுகள் நண்பகலைச் சுற்றி நெருக்கியடித்துக்கொள்ளும். 10 பாகை அட்சத்தில் ஒரு மணிக்கோடு 2.7 பாகை, இரண்டு 5.7, மூன்று 9.9, நான்கு 16.7, ஐந்து 32.9 பாகை. நண்பகலுக்குப் பிந்தைய மூன்று மணி நேரமும் 10 பாகைக்குள் முடங்கிவிடுகின்றன. வட்டத் தகட்டின் நடுவில் முக்கோண முள்ளை நிறுத்தும் வடிவம் உயர்ந்த அட்சங்களுக்கே பொருந்தும். தாழ்ந்த அட்சத்தில் அதை அப்படியே பின்பற்றுவது பயனற்றது என்று உறுதியாகச் சொல்வேன்.

அதற்கு மாற்று இருக்கிறது, கணக்கும் அதே கணக்குதான். மணிக்கோடுகள் எல்லாம் சந்திக்கும் அடியைத் தகட்டுக்குள் வைத்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அடியைத் தெற்கே தகட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு, விளிம்பை இரு கால்களின் மேல் தூக்கி நிறுத்தலாம். 10 பாகை அட்சத்துக்கு, கற்பனை அடியிலிருந்து 50 சென்டிமீட்டர் தொலைவில் தகட்டின் தென் ஓரமும் 80 சென்டிமீட்டர் தொலைவில் வட ஓரமும் இருக்கட்டும். விளிம்பின் உயரம் தென் ஓரத்தில் 8.8 சென்டிமீட்டர், வட ஓரத்தில் 14.1 சென்டிமீட்டர். பிற்பகல் ஒரு மணிக்கோடு, நண்பகல் கோட்டிலிருந்து தென் ஓரத்தில் 2.3 சென்டிமீட்டரும் வட ஓரத்தில் 3.7 சென்டிமீட்டரும் விலகியிருக்கும். மூன்று மணிக்கோடு முறையே 8.7, 13.9; நான்கு மணிக்கோடு 15.0, 24.1. கோணத்தில் நெருங்கியிருந்த கோடுகள் தூரத்தில் தாராளமாக விரிந்துவிட்டன. அகலம் கிழக்கு மேற்காக நீண்ட செவ்வகத் தகடு இதற்குப் பொருந்தும்.

இதே எண்ணத்தை முழுமையாக நீட்டினால் துருவத்தளக் கடிகாரம் கிடைக்கிறது. தகட்டையும் அட்சக் கோணத்துக்குச் சாய்த்து விளிம்புக்கு இணையாக்கிவிட்டால், அடி முடிவிலிக்குப் போய்விடுகிறது, மணிக்கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகிவிடுகின்றன. நண்பகல் கோட்டிலிருந்து ஒவ்வொன்றின் தூரமும் விளிம்பின் உயரத்தை மணிக்கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கி வருவது. விளிம்பு 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு மணிக்கு 2.7 சென்டிமீட்டர், இரண்டுக்கு 5.8, மூன்றுக்கு 10, நான்குக்கு 17.3, ஐந்துக்கு 37.3, ஆறு மணிக்கோடு தகட்டில் விழவே விழாது. இந்த அளவுகளில் அட்சம் இடம்பெறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒருமுறை வரைந்த தகட்டை எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் எடுத்துச்செல்லலாம், சாய்வை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாவது கேள்விக்கான விடையும் இங்கேயே இருக்கிறது. எந்த வகைக் கடிகாரமானாலும், அதை வேறோர் அட்சத்தில் வைக்க வேண்டுமென்றால், இரு அட்சங்களின் வேறுபாட்டுக்குச் சமமான ஆப்பை அடியில் வைத்துத் தகட்டையே வடக்கு தெற்காகச் சாய்த்துவிட்டால், விளிம்பு மீண்டும் அச்சுக்கு இணையாகிவிடும், கோடுகளும் சரியாகவே காட்டும். கோடுகளை அப்படியே விட்டு முள்ளை மட்டும் வளைத்துப் புதிய அட்சத்துக்கு மாற்றுவதுதான் செய்யக்கூடாத செயல்.

சுவரில் வரையும் கடிகாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேர் தெற்கு நோக்கிய செங்குத்துச் சுவரில் சைனுக்குப் பதிலாகக் கொசைன் வரும்; விளிம்பு சுவரோடு அமைக்கும் கோணம் 90 பாகையிலிருந்து அட்சத்தைக் கழித்தது. சுவர் தெற்கிலிருந்து மேற்காகத் திரும்பியிருந்தால், அந்தத் திருப்பத்தைத் தி என்று கொண்டு, பிற்பகல் மணிக்கோணங்களை நேராகவும் முற்பகலை எதிராகவும் எடுத்துக்கொண்டால், செங்குத்துக் கோட்டிலிருந்து மணிக்கோட்டின் கோணம் இப்படி வரும்:

டேன் க = கொசைன் அ ÷ (கொசைன் தி × கொட்டேன் ம + சைன் அ × சைன் தி)

இங்கே கொட்டேன் என்பது டேன்ஜென்ட்டின் தலைகீழ், அதாவது 1 ÷ டேன். கிழக்காகத் திரும்பிய சுவருக்குத் தி எதிரெண். திருப்பம் சுழி என்றால் இது நேர் தெற்குச் சுவரின் சூத்திரமாகவே சுருங்கிவிடுவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையிலுள்ள இடங்களில் தெற்குச் சுவர்க் கடிகாரத்துக்கு வேறொரு தடை உண்டு: சூரியன் நண்பகலில் தலைக்கு வடக்கே செல்லும் மாதங்களில் அந்தச் சுவரில் நண்பகல் வெயிலே படாது.

மனிதரே நிழற்கோலாக நிற்கும் நீள்வட்டக் கடிகாரம் பலருக்கும் பிடித்தமானது. அதில் கோல் செங்குத்தாக நிற்கிறது. செங்குத்துக் கோலின் குறையை, நாளுக்கு நாள் கோலின் இடத்தை நகர்த்துவதன் மூலம் ஈடுசெய்கிறார்கள். கிழக்கு மேற்காக நீண்ட நீள்வட்டத்தின் அரைப் பேரச்சை ஒன்று என்று கொண்டால் அரைச் சிற்றச்சு அட்சத்தின் சைன். மணிப்புள்ளி, மையத்திலிருந்து பக்கவாட்டில் மணிக்கோணத்தின் சைன் அளவும், வடக்கே அட்சத்தின் சைனை மணிக்கோணத்தின் கொசைனால் பெருக்கிய அளவும் தள்ளியிருக்கும். கோல் நிற்கும் இடம், மையத்திலிருந்து வட தென் கோட்டில், சூரிய விலக்கத்தின் டேன்ஜென்ட்டை அட்சத்தின் கொசைனால் பெருக்கிய தூரத்தில் உள்ளது. சூரிய விலக்கம் என்பது வான நடுவரையிலிருந்து சூரியன் விலகியிருக்கும் கோணம். அது ஆண்டு முழுவதும் வடக்கே 23.44 பாகைக்கும் தெற்கே 23.44 பாகைக்கும் இடையே ஊசலாடுகிறது. கதிர்த்திருப்ப நாளில் கோல் நிற்கும் இடம் எப்போது நீள்வட்டத்துக்கு வெளியே போகும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், அட்சம் 23.44 பாகைக்குக் குறைவாக இருக்கும்போது என்று வருகிறது. அதாவது சூரியன் உச்சிக்கு மேல் கடந்துசெல்லும் நிலப்பரப்பும், இந்த வடிவம் ஆண்டு முழுவதும் ஒழுங்காக இயங்காத நிலப்பரப்பும் துல்லியமாக ஒன்றே. இந்தக் கணக்கின் அழகுக்காகவே இதைச் செய்துபார்க்கலாம்.

விளிம்பின் மேல் ஒரு சிறு உருண்டையையோ துளையிட்ட தகட்டையோ பொருத்தினால், அதன் நிழற்புள்ளி மணியோடு பருவத்தையும் காட்டும். ஒரு நாள் முழுவதும் சூரியனிலிருந்து அந்தப் புள்ளி வழியாக வரும் கதிர்கள் ஒரு கூம்பை உருவாக்குகின்றன. தகடு அந்தக் கூம்பை வெட்டும் வளைகோட்டில்தான் நிழற்புள்ளி நகரும். துருவ வட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில் கிடைத்தளத்தில் அது அதிபரவளைவு. சம பகலிரவு நாளில் கூம்பு தட்டையாகிவிடுவதால் நேர்கோடு. நள்ளிரவிலும் சூரியன் மறையாத இடங்களில் நீள்வட்டம். துளையின் வழியாகச் சூரியனின் பிம்பத்தையே வீழ்த்தும் முறையில் எட்டப்பட்ட துல்லியம் வியப்புக்குரியது: இத்தாலியின் பொலோன்யா நகரில், சான் பெத்ரோனியோ தேவாலயத்தின் தரையில் வானியலாளர் ஜியோவன்னி காசினி 1655இல் அமைத்த நண்பகல் கோடு, 27 மீட்டர் உயரத்துத் துளையிலிருந்து விழும் பிம்பத்தை 67 மீட்டர் நீளக் கோட்டில் ஆண்டு முழுவதும் பின்தொடர்கிறது.

அச்சுக்கு இணையான விளிம்பு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. பழைய கிரேக்க, உரோமானியக் கடிகாரங்கள் பகற்பொழுதை, அது நீண்டாலும் குறைந்தாலும், பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்தன. ஆகவே அவர்களுடைய மணி கோடையில் நீண்டது, குளிர்காலத்தில் குறுகியது. ஆண்டு முழுவதும் சமமான மணி வேண்டும் என்ற தேவை வந்தபோதுதான் சாய்ந்த விளிம்பு இன்றியமையாததானது. டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலுக்காக 1371இல் வானியலாளர் இப்னு அல்-ஷாத்திர் செய்த கடிகாரம் அந்த வகையில் குறிப்பிடத்தக்க மைல்கல்.

மூன்றாவது கேள்வி, கைக்கடிகாரத்தோடு உள்ள வேறுபாடு. இதற்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது தீர்க்கரேகை. கைக்கடிகாரம் ஒரு நாட்டுக்கோ வலயத்துக்கோ பொதுவாக வைத்துக்கொண்ட ஒரு தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நிழல் நாம் நிற்கும் இடத்தின் நேரத்தைக் காட்டுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், பொதுத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருந்தால் நிழல் பின்தங்கும், கிழக்கே இருந்தால் முந்தும். இது ஓரிடத்தில் என்றும் மாறாத அளவு. ஆகவே அதைக் கோடுகளிலேயே சேர்த்துவிடலாம், ஆனால் கிடைத்தளக் கடிகாரத்தில் தகட்டைத் திருப்பிச் சேர்க்கக் கூடாது. மணிக்கோணத்தில் கூட்டியோ கழித்தோ கோடுகளைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். நடுவரை வளையத்தில் மட்டும் அளவுகோலைச் சற்றுச் சுழற்றினாலே போதும்.

இரண்டாவது காரணம் நேரச் சமன்பாடு எனப்படும் ஆண்டுச் சுழற்சி. ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரையிலான காலம் எல்லா நாளும் சரியாக 24 மணி நேரம் இல்லை. டிசம்பர் பிற்பகுதியில் அது ஏறத்தாழ அரை நிமிடம் கூடுதல், செப்டம்பர் நடுவில் ஏறத்தாழ 20 நொடி குறைவு. பூமியின் பாதை நீள்வட்டம் என்பதால், சூரியனுக்கு மிக அருகில் வரும் ஜனவரித் தொடக்கத்தில் பூமி வேகமாகவும், ஜூலையில் மெதுவாகவும் செல்வது ஒரு காரணம். இது ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும், உச்ச அளவு ஏறத்தாழ 7.7 நிமிடம். அச்சின் சாய்வு மற்றொரு காரணம்: சூரியனின் ஆண்டுப்பாதை வான நடுவரைக்குச் சாய்ந்திருப்பதால், அந்தப் பாதையில் சீராக நகர்ந்தாலும் நடுவரையின் மேல் அதன் வீழ்ச்சி சீராக நகராது, இது ஆண்டுக்கு இருமுறை ஏறி இறங்கும், உச்ச அளவு ஏறத்தாழ 9.9 நிமிடம். இரண்டும் கூடிய விளைவாக நவம்பர் தொடக்கத்தில் சூரியக் கடிகாரம் 16 நிமிடத்துக்கும் சற்றே கூடுதலாக முந்துகிறது. பிப்ரவரி 11ஐ ஒட்டி 14 நிமிடத்துக்கும் மேல் பின்தங்குகிறது. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி வேறுபாடு சுழியாகிறது.

பொதுத் தீர்க்கரேகைக்கு 3 பாகை மேற்கே உள்ள ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே நிழல் பன்னிரண்டைத் தொடும் கணத்தில், நவம்பர் 3ஆம் நாள் கைக்கடிகாரம் 12 மணியுடன் 12 நிமிடத்தைக் கூட்டி 16 நிமிடத்தைக் கழித்து 11:56 காட்டும். பிப்ரவரி 11ஆம் நாள் 12 நிமிடத்தோடு 14 நிமிடத்தையும் கூட்டி 12:26 காட்டும். ஒரே கோடு, ஒரே நிழல், அரை மணி நேர வேறுபாடு. இதைக் கடிகாரத்தின் பிழை என்று எண்ணுவது நியாயமன்று; வானத்தில் உள்ளதை அது சரியாகவே சொல்கிறது. திருத்த அட்டவணையைத் தகட்டின் ஓரத்தில் பொறிப்பதே எனக்கு நேர்மையான வழியாகப் படுகிறது. ஒவ்வொரு மணிக்கோட்டையும் எட்டு வடிவ வளையமாக வரைந்து சராசரி நேரத்தைக் காட்டச் செய்யும் முறையும் உண்டு, ஆனால் ஆண்டின் எந்தப் பாதியில் வளையத்தின் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்ற குழப்பம் பார்ப்பவரை விட்டு அகலாது.

இனி நிறுவுதல். பெரும்பாலான கடிகாரங்கள் கணக்கில் தவறுவதில்லை, வைப்பதில் தவறுகின்றன. காந்தஊசி காட்டுவது காந்த வடக்கு, அருகில் இரும்பு இருந்தால் அதுவும் இல்லை. நம்பத்தக்க பழைய முறை, சமப்படுத்திய தரையில் சங்கு எனப்படும் செங்குத்துக் கோலை நட்டு அதைச் சுற்றி வட்டம் வரைந்து, முற்பகலில் நிழல்நுனி வட்டத்துக்குள் நுழையும் புள்ளியையும் பிற்பகலில் வெளியேறும் புள்ளியையும் குறிப்பது. இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து வடக்கு தெற்கு. சூரிய விலக்கம் பகலுக்குள் ஏறக்குறைய மாறாமலிருக்கும் கதிர்த்திருப்ப நாட்களை ஒட்டிச் செய்தால் பிழை மிகக் குறைவு.

எந்தப் பிழை எவ்வளவு கெடுக்கும் என்பதில் அட்சத்துக்குப் பெரும்பங்கு உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. தகடு முழுவதும் வடக்கிலிருந்து ஒரு பாகை திரும்பிவிட்டால், சம பகலிரவு நாளில் பிழை, 4 நிமிடத்தை அட்சத்தின் சைனால் பெருக்கியது: 50 பாகையில் 3 நிமிடம், 30 பாகையில் 2 நிமிடம், 10 பாகையில் 1 நிமிடத்துக்கும் குறைவு. தகடு கிழக்கு மேற்காக ஒரு பாகை சரிந்திருந்தால் சைனுக்குப் பதில் கொசைன்: 50 பாகையில் 2.6 நிமிடம், 30 பாகையில் 3.5, 10 பாகையில் 3.9. ஆகவே தாழ்ந்த அட்சத்தில் இருப்பவர் வடக்கைத் தேடுவதைவிட மட்டப்பலகையை வைத்துக் கிழக்கு மேற்கைச் சமப்படுத்துவதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். உயர்ந்த அட்சத்தில் இருப்பவர் இந்த முன்னுரிமையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

முள்ளின் தடிமனையும் மறக்கக் கூடாது. தடித்த முள்ளுக்கு விளிம்புகள் இரண்டு: காலை ஆறு முதல் நண்பகல் வரை மேற்கு விளிம்பும், பிறகு மாலை ஆறு வரை கிழக்கு விளிம்பும் நிழலை வீழ்த்தும். எனவே நண்பகல் கோட்டை இரண்டாகப் பிளந்து, தடிமன் அளவுக்கு இடைவெளி விட்டு, இரு பாதிகளையும் தனித்தனி அடிகளிலிருந்து வரைய வேண்டும். நிழலின் ஓரம் எப்போதும் மங்கலாகவே இருக்கும், ஏனெனில் சூரியன் ஒரு புள்ளி அன்று, வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள வட்டு. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் இந்தப் புறநிழல் 9 மில்லிமீட்டர் அகலம் கொள்ளும். நேரத்தில் அது இரண்டு நிமிடத்துக்குச் சமம். கடிகாரத்தைப் பெரிதாக்கினால் புறநிழலும் அதே விகிதத்தில் பெரிதாகும். மேலே சொன்ன 15 மீட்டர் ஆரத்தில் அது 14 சென்டிமீட்டர். புறநிழலின் நடுவைக் கண்ணால் மதிப்பிடப் பழகியவர் ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடலாம்.

நிறுவிய பிறகு பிழையின் மூலத்தைக் கண்டுபிடிக்க, தீர்க்கரேகையையும் நேரச் சமன்பாட்டையும் கழித்துவிட்டு எஞ்சும் வேறுபாட்டை ஒரே நாளில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளில் குறித்துக்கொள்ளுங்கள். வேறுபாடு நண்பகலில் மறைந்து, காலையிலும் மாலையிலும் எதிரெதிர்த் திசைகளில் தோன்றினால், விளிம்பின் சாய்வு அட்சத்துக்குப் பொருந்தவில்லை என்று பொருள். இந்தப் பிழை சம பகலிரவு நாட்களில் தெரியவே தெரியாது, கதிர்த்திருப்ப நாட்களில்தான் உச்சத்தை எட்டும். மூன்று வேளைகளிலும் வேறுபாடு ஒரே திசையில் இருந்தால், கிழக்கு மேற்குச் சரிவையோ வடக்கின் திசையையோ சந்தேகிக்க வேண்டும். முதலில் மட்டப்பலகையை வைத்துச் சரிவை நீக்குங்கள். அதன் பிறகும் எஞ்சுவது திசைப்பிழை என்பதால், தகட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி அதைச் சரிசெய்துவிடலாம். சூரியன் நண்பகலில் உச்சிக்கு மிக அருகே செல்லும் மாதங்களில் திசைப்பிழையின் விளைவு நண்பகலில் சுருங்கிவிடும் என்பதால், இந்தக் கடைசித் திருத்தத்தை நண்பகற்சூரியன் தாழ்ந்திருக்கும் மாதங்களில் செய்வது நல்லது.